நயாகரா எல்லைப்புறப் போர் இழப்பீடு

நயாகரா எல்லைப்புறப் போர் இழப்பீடு என்பது, 1812ஆம் ஆண்டில் தொடங்கிய பிரிட்டன் - அமெரிக்கப் போரில் நயாகரா ஆற்றின் இரு கரைகளிலும் வீடு, கால்நடை, விளைச்சல் முதலியவற்றை இழந்த குடும்பங்கள் தத்தம் அரசிடம் கோரிய ஈட்டுத்தொகையையும், அதற்காக அவர்கள் நடத்திய நீண்ட முயற்சியையும் குறிக்கும். கிழக்குக் கரையினர் அமெரிக்கக் காங்கிரசிடம் மனுச் செய்தனர். மேற்குக் கரையினர் பிரிட்டிஷ் அரசிடமும் மேல் கனடா மாகாண அரசிடமும் மனுச் செய்தனர். போர் மூன்று ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. இழப்பீட்டு வழக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

ஆறும் ஊர்களும்

நயாகரா ஆறு ஏரி ஏரியிலிருந்து (முதலில் வரும் ஏரி அதன் பெயர்) வடக்கு நோக்கிப் பாய்ந்து ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது. நீளம் 60 கிலோமீட்டருக்கும் குறைவு. அதன் கிழக்குக் கரை நியூயார்க் மாநிலம். பஃபலோ, பிளாக் ராக், லூயிஸ்டன், யங்ஸ்டவுன் ஆகியவை அங்கிருந்த ஊர்கள். மேற்குக் கரை மேல் கனடா, அதாவது இன்றைய ஒன்டாரியோ மாகாணம். அங்கே ஈரி கோட்டை, சிப்பவா, குவீன்ஸ்டன், நியூவார்க் ஆகியவை இருந்தன. இந்த நியூவார்க்தான் இன்று 'நயாகரா ஆன் த லேக்' எனப்படும் ஊர். 1792 முதல் சில ஆண்டுகள் மேல் கனடாவின் தலைநகராக இருந்த பெருமையும் அதற்கு உண்டு.

வரைபடத்தில் இவை இரண்டு நாடுகள். மக்களைப் பார்த்தால் அப்படிப் பிரிக்க முடியாது. மேற்குக் கரையில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க மாநிலங்களிலிருந்து வந்தவர்களே. அமெரிக்க விடுதலைப் போரில் மன்னர் பக்கம் நின்று சொத்தை இழந்து வந்தவர்கள் ஒரு சாரார். பின்னாளில் மலிவான நிலத்தைத் தேடி வந்தவர்கள் மறு சாரார். அக்கரையில் அண்ணனும் இக்கரையில் தம்பியுமாக வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. யார் எந்த அரசுக்கு விசுவாசமானவர் என்ற கேள்வி பின்னர் இழப்பீட்டையே தீர்மானிக்கும் கேள்வியாக மாறியதற்கு இதுவே அடிப்படை.

1813 டிசம்பர்

1813 மே 27 அன்று அமெரிக்கப் படை ஜார்ஜ் கோட்டையையும் அதை ஒட்டிய நியூவார்க்கையும் கைப்பற்றியது. டிசம்பரில் அக்கோட்டையைக் காத்து நின்றவர் நியூயார்க் குடிப்படையின் தளபதி ஜார்ஜ் மக்ளூர். ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர்கள் வீடு திரும்பிவிட, அவரிடம் மிஞ்சிய படை மிகச் சிறியது. பிரிட்டிஷார் நெருங்கி வந்தனர். கோட்டையைக் கைவிட்டு ஆற்றைக் கடக்க முடிவு செய்த மக்ளூர், போகும்போது ஊரைக் கொளுத்த உத்தரவிட்டார். கோட்டையின் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் ஊரை அழிக்கலாம் என்று போர்த்துறைச் செயலர் ஜான் ஆம்ஸ்ட்ராங் அக்டோபரில் எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. ஆனால் கோட்டையையே விட்டுச் செல்பவருக்கு அந்த அனுமதி எப்படிப் பொருந்தும் என்பதற்கு அவரால் கடைசிவரை சரியான விடை தர முடியவில்லை.

டிசம்பர் 10ஆம் நாள். தரையெங்கும் பனி. வீட்டை விட்டு வெளியேற மக்களுக்குக் கிடைத்தது சில மணி நேரமே. ஆண்களில் பலர் படையில் இருந்தனர். சிலர் அமெரிக்கச் சிறையில் இருந்தனர். ஆகவே தெருவில் நின்ற சுமார் 400 பேரில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். வழக்கறிஞர் வில்லியம் டிக்சன் அப்போது அமெரிக்கரிடம் கைதியாக இருந்தார். நோயுற்றிருந்த அவர் மனைவியைக் கட்டிலோடு தூக்கி வந்து பனியில் வைத்தார்கள் என்றும், அவர் கண்முன்னே வீடும் பெரிய நூலகமும் எரிந்தன என்றும் அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அன்றிரவு தீ வைப்பதில் முன்னின்றவர்களில் 'கனடியத் தொண்டர் படை'யும் ஒன்று. அதன் தலைவர் ஜோசப் வில்காக்ஸ் வேற்றூர்க்காரர் அல்லர். மேல் கனடா சட்டமன்ற உறுப்பினராக இருந்து பின் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தவர். தீ வைத்தவர்களின் முகங்களை அவ்வூரார் அறிந்திருந்தனர்.

பதிலடி ஒன்பது நாட்களில் வந்தது. டிசம்பர் 19 அன்று பிரிட்டிஷார் ஆற்றைக் கடந்து நயாகரா கோட்டையைப் பிடித்தனர். லூயிஸ்டன், யங்ஸ்டவுன், மான்செஸ்டர் (இன்றைய நயாகரா ஃபால்ஸ் நகரம்) ஆகிய ஊர்களும் தஸ்கரோரா பழங்குடியினரின் ஊரும் எரிந்தன. லூயிஸ்டன் மக்கள் தப்பியோட வழி கிடைத்ததற்குக் காரணம், எண்ணிக்கையில் குறைந்த தஸ்கரோரா வீரர்கள் எதிரியைச் சற்று நேரம் தடுத்து நிறுத்தியதே. அதற்கான நினைவுச் சின்னம் அவ்வூரில் எழ 200 ஆண்டுகள் ஆயின. 2013 டிசம்பர் 19 அன்று அது திறக்கப்பட்டது.

டிசம்பர் 30 அன்று பிளாக் ராக்கும் பஃபலோவும் எரிக்கப்பட்டன. மிச்சமிருந்தவற்றைக் கொளுத்தப் படையினர் ஜனவரி 1 அன்று மீண்டும் வந்தனர். பஃபலோவில் தப்பியவை ஒரு கல் சிறைச்சாலை, ஒரு கொல்லன் பட்டறை, மார்கரெட் செயின்ட் ஜான் என்ற விதவையின் சிறு வீடு ஆகியவையே என்று நகர வரலாறு கூறுகிறது. 1814இல் அமெரிக்கர் டோவர், செயின்ட் டேவிட்ஸ் ஆகிய ஊர்களை எரித்தனர். ஆகஸ்டில் பிரிட்டிஷார் வாஷிங்டன் நகரின் அரசுக் கட்டடங்களை எரித்தனர். ஒரு தீ அடுத்த தீக்குக் காரணம் காட்டப்பட்டது.

உடனடி உதவி

பசிக்குச் சோறு கிடைப்பது வேறு, இழந்ததற்கு ஈடு கிடைப்பது வேறு. முதலாவது ஓரளவு விரைவாகவே வந்தது. 1814 தொடக்கத்தில் நியூயார்க் சட்டமன்றம் 50,000 டாலர் ஒதுக்கியது. அதில் 40,000 எல்லைப்புறக் குடியேறிகளுக்கு, 5,000 தஸ்கரோரா மக்களுக்கு, 5,000 கனடாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு.

மேற்குக் கரையில், 1812 டிசம்பரில் யார்க் நகரில் (இன்றைய டொரன்டோ) தொடங்கப்பட்ட 'மேல் கனடா விசுவாச, நாட்டுப்பற்றுச் சங்கம்' உதவி செய்தது. பாதிரியார் ஜான் ஸ்டிராகன் இதன் முக்கியத் தூண். நன்கொடை கீழ் கனடா, நோவா ஸ்கோஷியா, லண்டன் எனப் பல இடங்களிலிருந்து வந்தது. இச்சங்கம் வீரர்களுக்கு வழங்கவெனப் பதக்கங்களையும் அடித்துவைத்தது. யாருக்குக் கொடுப்பது என்ற சச்சரவில் அவை வழங்கப்படாமலே பெட்டியில் கிடந்து, கடைசியில் 1840இல் சிதைத்து உலோகமாக விற்கப்பட்டு, பணம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

கெண்ட் உடன்படிக்கை

1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்தான கெண்ட் உடன்படிக்கை எல்லைகளைப் போருக்கு முந்தைய நிலைக்குத் திருப்பியது. எரிந்த வீடுகளுக்கு எந்தத் தரப்பும் மற்றத் தரப்புக்கு ஈடு தர வேண்டும் என்ற விதி அதில் இல்லை. எனவே நியூவார்க்கில் வீடிழந்தவர், வீட்டை எரித்த அமெரிக்க அரசிடம் கேட்க வழியில்லை; பஃபலோவில் வீடிழந்தவர் பிரிட்டனிடம் கேட்க வழியில்லை. அவரவர் தம் அரசின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

ஒரு வகைச் 'சொத்து'க்கு மட்டும் அந்த உடன்படிக்கையின் முதல் பிரிவே இடம் தந்தது. பிரிட்டிஷ் படையோடு சென்று விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தென்மாநில உரிமையாளர்கள் ஈடு கேட்டனர். வழக்கு ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தரின் நடுவர் தீர்ப்புக்குச் சென்றது. 1822இல் அமெரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1826இல் பிரிட்டன் 12,04,960 டாலர் தர ஒப்புக்கொண்டது. தம் உயிரையே மீட்டுக்கொண்டு போன மனிதர்களுக்கு விலை கேட்டவர்களுக்காக அரசுகள் பேரரசர் வரை சென்றன; பனியில் நின்ற விதவைகளுக்காக யாரும் அவ்வளவு தொலைவு செல்லவில்லை.

கிழக்குக் கரை: காங்கிரசின் நிபந்தனை

அக்காலப் பன்னாட்டுச் சட்ட அறிஞர்கள் இரு வகை இழப்புகளைப் பிரித்துப் பார்த்தனர். அரசே வேண்டுமென்று எடுத்துக்கொண்ட பொருளுக்கு அரசு விலை தர வேண்டும். எதிரி அழித்ததோ இடி விழுந்தது போன்ற கேடு. அதற்கு அரசுக்குக் கண்டிப்பான கடன் இல்லை, ஆயினும் நியாயம் கருதி உதவுவது நல்லது. 1758இல் வெளிவந்த வாட்டலின் புகழ்பெற்ற நூல் சொல்வது ஏறத்தாழ இதுவே.

1816 ஏப்ரல் 9 அன்று காங்கிரஸ் இயற்றிய சட்டம் இந்தப் பிரிவினையை அப்படியே ஏற்றது. படைப் பணியில் இறந்த குதிரை, தொலைந்த வண்டி ஆகியவற்றுக்கு அதில் இடம் இருந்தது. வீடுகளைப் பற்றியது ஒன்பதாவது பிரிவு. எதிரி அழித்தபோது அந்த வீடு அமெரிக்க அதிகாரியின் ஆணைப்படி படைக் கிடங்காகப் பயன்பட்டிருக்க வேண்டும்; அந்தப் பயன்பாடே அழிவுக்குக் காரணம் என்பதும் தெரிய வேண்டும். அப்போதுதான் ஈடு கிடைக்கும்.

இந்த நிபந்தனையின் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும. துப்பாக்கி மருந்தை அடுக்கி வைத்திருந்த வீட்டுக்காரருக்குப் பணம் உண்டு. தொட்டிலும் அடுப்பும் மட்டுமே இருந்த வீட்டுக்காரருக்கு இல்லை. போரின் வழக்கப்படி தாக்கப்படவே கூடாத வீடு எதுவோ, அதுதான் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நின்றது.

பஃபலோ மக்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 1813இன் கடைசி வாரங்களில் குடிப்படையினர் ஊரில் பல வீடுகளில் தங்கியிருந்தது உண்மை. அதை அதிகாரிகளின் சான்றோடு காட்டி மனுச் செய்தனர். ஆணையராக அமர்த்தப்பட்டவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் ரிச்சர்ட் பிளாண்ட் லீ. அவர் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு கோரிக்கைகளை ஏற்றார். தொகை ஏறியதும் வாஷிங்டனில் கலக்கம். ஒரு ஊரே படைக் கிடங்காக இருந்திருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் மேடிசன் ஒன்பதாவது பிரிவின்படியான கொடுப்பனவை நிறுத்திவைத்து, முடிவைக் காங்கிரசிடம் விட்டார். 1817 மார்ச் 3 அன்று வந்த திருத்தச் சட்டம், கிடங்காகவோ படைவீரர் தங்குமிடமாகவோ ஆணைப்படி பயன்பட்ட கட்டடங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது.

எல்லைப்புறத்தாரிடம் இன்னொரு வாதமும் இருந்தது. 'எங்கள் வீடு எரிந்தது நியூவார்க் எரிந்ததற்குப் பழி. நியூவார்க்கை எரித்தவர் அரசின் தளபதி. அவர் கையில் இருந்தது அரசின் கடிதம். அப்படியானால் எங்கள் இழப்புக்கு மூலகாரணம் யார்?' என்பது அது. நேர்மையான கேள்விதான். அரசோ மக்ளூரின் செயலை 1814லேயே தன்னுடையதல்ல என்று கைகழுவிவிட்டது. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் மனுக்கள் சென்றன, குழுவுக்கு அனுப்பப்பட்டன, திரும்பின. 1825 மார்ச்சில்தான் இன்னொரு திருத்தச் சட்டம் நிறைவேறி, மேலும் சிலருக்கு வழி திறந்தது. அதே ஆண்டில் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு, பஃபலோ அதன் முனை நகரமாயிற்று. ஊர் செழித்துவிட்டதே, இனி எதற்கு ஈடு என்று கேட்கக்கூடிய நிலை. கால்வாய்க்கு முன்பே நிலத்தை விற்றுவிட்டுப் போனவர்களுக்கு அந்தச் செழிப்பில் பங்கு ஏது?

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 1816 மார்ச் 5 அன்று, மேற்சொன்ன சட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, கனடியத் தொண்டர் படையினருக்கு நிலம் வழங்கக் காங்கிரஸ் முடிவு செய்தது. கர்னலுக்கு 960 ஏக்கர், சாதாரண வீரருக்கு 320 ஏக்கர், கூடவே மூன்று மாதச் சம்பளம். கனடாவில் தம் சொத்தை இழந்து அமெரிக்காவுக்காகப் போரிட்டவர்கள் என்ற முறையில் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆயினும் நியூவார்க்கில் தீப்பந்தம் பிடித்த படைக்கு நிலம் கிடைத்ததும், அந்தத் தீயின் பழியைச் சுமந்த பஃபலோ வரிசையில் நின்றதும் ஒரே ஆண்டில் நடந்தவை.

மேற்குக் கரை: விசுவாசத்துக்குச் சான்று

மேல் கனடாவில் கேள்வி வேறு விதமாக எழுந்தது. அங்கே இழப்பு எதிரியால் மட்டும் வந்ததல்ல. பிரிட்டிஷ் படையும் அதன் பழங்குடி நட்புப் படைகளும் அதே வயல்களில்தான் முகாமிட்டன. வேலிக் கட்டைகள் குளிருக்கு விறகாயின. வைக்கோல், உருளைக்கிழங்கு, பன்றி, ஆடு எல்லாம் படையின் வயிற்றுக்குப் போயின. சொந்தப் படை எடுத்ததற்குச் சீட்டு வாங்கி வைத்தவர்கள் குறைவு. நள்ளிரவில் வேலியைப் பிடுங்கும் வீரனிடம் யார் ரசீது கேட்பது?

கோருபவர் தம் இழப்பைப் பொருள் வாரியாக எழுதி, அண்டை வீட்டாரைச் சாட்சியாக்கி, நீதிபதி முன் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். போரின்போது எதிரிக்கு உதவவில்லை என்பதும் தெரிய வேண்டும். எல்லைப்புறத்தில் இது எளிதன்று. அமெரிக்கப் படை ஊரைப் பிடித்திருந்த மாதங்களில் அவர்களுக்கு மாவு விற்றவர் துரோகியா, பிழைக்க வழி தேடியவரா? அதைத் தீர்மானிக்கும் சாட்சியும் அண்டை வீட்டார்தான்.

முதல் ஆணையம் போர் முடிந்த கையோடு 1815இல் கோரிக்கைகளைத் திரட்டியது. பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு லண்டன் சொன்ன வழி, துரோகிகளிடம் பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களை விற்பது. வில்காக்ஸ், ஆபிரகாம் மார்க்கிள், பெஞ்சமின் மல்லோரி முதலியோர் அமெரிக்கர் பக்கம் சென்றவர்கள். 1814இல் ஆன்காஸ்டரில் நடந்த தேசத்துரோக வழக்குகளின் முடிவில் எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர். ஆனால் அந்த நிலங்களின் மீது கடன்களும் பாத்தியங்களும் இருந்தன, வாங்குவாரும் குறைவு. கிடைத்த தொகை மொத்தக் கோரிக்கைக்கு முன் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

1817இல் வந்த ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் கூர்லே என்பவர் கேள்வித்தாள்களை ஊர் ஊராக அனுப்பிக் குடியேறிகளின் குறைகளைத் திரட்டினார். தீராத இழப்பீடு மக்களிடம் புகைந்துகொண்டிருந்த குறைகளுள் ஒன்று. 1818 ஜூலையில் பிரதிநிதிகளின் மாநாட்டையும் யார்க்கில் கூட்டினார். அரசு இதை ராஜதுரோகமாகவே பார்த்தது. 1819இல் கூர்லே, எரிந்து மீண்டும் எழுந்த அதே நயாகரா ஊரில் விசாரிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மாநாட்டில் கலந்துகொண்ட குடிப்படையினருக்குப் போர்ச் சேவைக்கான நிலத்தைத் துணை ஆளுநர் பெரிகிரின் மெயிட்லண்ட் மறுத்தார். இழப்பீடு கேட்கப் போனவர்கள் கையில் இருக்க வேண்டிய நிலத்தையும் இழந்தனர்.

1823இல் புதிய ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தொடக்கமே தகராறு. உறுப்பினராகப் பெயர் குறிக்கப்பட்ட யார்க் வணிகர் அலெக்சாண்டர் உட் என்பவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கத் தலைமை நீதிபதி வில்லியம் டம்மர் பவல் மறுத்துவிட்டார். 1810இல் எழுந்த ஓர் அவதூறைக் காரணம் காட்டினார். உட் வழக்குத் தொடர்ந்து வென்றார். இந்த ஆணையம் 2,000க்கும் மேற்பட்ட கோரிக்கைகளை ஆராய்ந்து, சுமார் 1,82,000 பவுண்டு தரத்தக்கது என்று முடிவு செய்தது. மாகாணக் கணக்கில் ஒரு பவுண்டுக்கு நான்கு டாலர் என்று வைத்தால், இது ஏழு லட்சம் டாலருக்கு மேல்.

தரத்தக்கது என்று முடிவானதும் பணம் வந்துவிடவில்லை. ஒரு பங்கைத் தான் தருவதாகவும், மாகாணமும் ஈடாகத் தர வேண்டும் என்றும் லண்டன் கூறியது. பேரரசின் போருக்குத் தாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று மாகாணச் சட்டமன்றத்தில் கேட்டார்கள். போரில் அவ்வளவாக இழக்காத கிழக்கு மாவட்டங்களுக்கு நயாகராவின் கடனைச் சுமக்க விருப்பமில்லை. முதலில் பவுண்டுக்கு ஐந்து ஷில்லிங், அதாவது கால் பங்கு, வழங்கப்பட்டது. எஞ்சியது தவணை தவணையாக இழுத்துக்கொண்டே போய், 1837இல்தான் முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டின் டிசம்பரில் மேல் கனடாவில் அரசை எதிர்த்துக் கலகமே மூண்டுவிட்டது.

24 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. பனியில் நின்ற குழந்தைகள் தம் குழந்தைகளோடு வந்து கடைசித் தவணையை வாங்கும் காலம். குவீன்ஸ்டனில் வீடு சூறையாடப்பட்டவர்களில், பின்னர் பிரிட்டிஷ் படைக்கு எச்சரிக்கை கொண்டு சென்று புகழ்பெற்ற லாரா சீகார்டும் ஒருவர். அவருக்குக் கைம்மேல் கிடைத்த நன்றி, 1860இல் அங்கு வந்த வேல்ஸ் இளவரசர் பின்னர் அனுப்பிய 100 பவுண்டு. அப்போது அவருக்கு வயது 85.

பட்டியல்கள்

இந்த வழக்கின் காகிதங்கள் இன்று ஒட்டாவாவில் உள்ள கனடா நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தம் முன்னோரைத் தேடுவோர் அவற்றை விரும்பிப் படிக்கின்றனர். ஒரு பண்ணை வீட்டில் எத்தனை கட்டில், எத்தனை இறகு மெத்தை, எத்தனை தேநீர்ப் பாத்திரம், எத்தனை முழம் துணி, பால் கறக்கும் மாடு எத்தனை என்பதை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதில்லை. வீட்டை உள்ளபடி நினைவிலிருந்து மீட்டு, அறை அறையாக நடந்து சென்று எழுதியது போல இருக்கும். சில மனுக்களின் அடியில் கையெழுத்து இல்லை. எழுதத் தெரியாதவர் போட்ட சிலுவைக் குறி மட்டும், அதன் அருகே எழுத்தர் எழுதிய பெயர்.